சுவர்த்தாரை: பரப்பை ஒட்டிப் பாயும் ஓட்டமும் வெப்பமும்

சுவர்த்தாரை என்பது ஒரு திண்மப் பரப்பை ஒட்டியபடி, சுற்றியுள்ள பாய்மத்தைவிட வேகமாகப் பாயும் ஓட்டம் ஆகும். பாய்மம் என்பது காற்று, நீர் போன்று ஓடக்கூடிய பொருள்களின் பொதுப் பெயர். ஒரு திறப்பிலிருந்து வேகத்துடன் வெளிப்படும் பாய்ம ஓட்டத்தைத் தாரை (ஜெட்) என்கிறோம். அந்தத் தாரை ஒரு சுவரையோ தரையையோ கூரையையோ தழுவிச் செல்லும்போது சுவர்த்தாரை ஆகிறது. இங்கு 'சுவர்' என்பது செங்குத்தான சுவரை மட்டும் குறிப்பதில்லை. தரை, கூரை, பாத்திரத்தின் அடிப்பகுதி, விமான எஞ்சினின் அலகு என ஓட்டத்தைத் தாங்கும் எந்தப் பரப்பும் சுவரே.

சென்னையின் ஒரு சாதாரண வீட்டில் குறைந்தது நான்கு சுவர்த்தாரைகளைக் காணலாம். கூரை மின்விசிறியின் காற்று தரையில் மோதிப் பரவுவது ஒன்று. குளிரூட்டியின் காற்று கூரையை ஒட்டிச் செல்வது மற்றொன்று. எரிவாயு அடுப்பின் சுடர் பாத்திரத்தின் அடியில் விரிவதும், குழாய் நீர் கழுவுதொட்டியில் வட்டமாகப் பரவுவதும் மற்ற இரண்டு. இவற்றுள் ஒன்று உடலைக் குளிர்விக்கிறது. ஒன்று பாத்திரத்தைச் சூடாக்குகிறது. வேறிடங்களில் இதே வகை ஓட்டம் பரப்பை வெப்பத்திலிருந்து காக்கவும் செய்கிறது. இந்த வேறுபாடு எதனால் என்பதை அறிந்தால், கோடையில் மின்விசிறி எப்போது உதவும், எப்போது உதவாது என்ற கேள்விக்கும் விடை கிடைக்கும்.

வகைகள்

சுவர்த்தாரை இரண்டு முக்கிய வகைப்படும்.

1. தளச் சுவர்த்தாரை: நீண்ட, குறுகிய பிளவிலிருந்து வெளிப்பட்டு ஒரே திசையில் செல்வது. சுவரில் மாட்டிய குளிரூட்டியின் காற்று இவ்வகை.

2. ஆரச் சுவர்த்தாரை: ஒரு தாரை பரப்பின்மீது செங்குத்தாக மோதி, எல்லாத் திசைகளிலும் வட்டமாக விரிவது. மின்விசிறியின் காற்றும், அடுப்புச் சுடரும், குழாய் நீரும் இவ்வகை.

ஆர வகையில், தாரை நேராக மோதும் நடு இடத்தில் பாய்மத்தின் வேகம் சுழியாகி அழுத்தம் உயர்கிறது. அந்த இடம் தேக்கப் புள்ளி எனப்படும். அங்கே உயர்ந்த அழுத்தமே பாய்மத்தைப் பக்கவாட்டில் தள்ளிப் பரவச் செய்கிறது.

இரண்டு அடுக்குகள்

சுவர்த்தாரையின் தனித்தன்மை அதன் இரட்டை அமைப்பில் இருக்கிறது.

பரப்பைத் தொட்டுக்கொண்டிருக்கும் பாய்மம் நகர்வதில்லை. பாகுநிலை காரணமாக அது பரப்போடு ஒட்டி நிற்கிறது. பரப்பிலிருந்து விலக விலக வேகம் கூடி, ஓர் இடத்தில் உச்சத்தை அடைகிறது. இந்தப் பகுதி உள்ளடுக்கு. இது 1904-இல் செருமானிய அறிஞர் லுட்விக் பிராண்டல் விளக்கிய எல்லைப் படலத்தை ஒத்தது.

உச்ச வேகத்துக்கு அப்பால், வேகம் மீண்டும் குறைந்து, சுற்றியுள்ள அசையாத காற்றுடன் கலந்துவிடுகிறது. இது வெளியடுக்கு. சுவரில்லாத வெளியில் பாயும் தாரையைப் போலவே, இது சுற்றுக் காற்றைத் தன்னோடு இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது. தாரை செல்லச் செல்லத் தடிமனாவதற்கு இதுவே காரணம்.

உள்ளடுக்கு சுவரோடு உராய்ந்து வேகத்தை இழக்கிறது. வெளியடுக்கு சுற்றுக் காற்றை இழுத்து வேகத்தைப் பங்கிடுகிறது. வெப்பத்தைப் பொறுத்தவரையில், பரப்புக்கும் ஓட்டத்துக்கும் இடையிலான தடை பெரும்பாலும் மெல்லிய உள்ளடுக்கிலேயே இருக்கிறது. ஆனால் அந்த ஓட்டம் எந்த வெப்பநிலையில் வந்து சேர்கிறது என்பதை, வழியில் எந்தக் காற்றை இழுத்துச் சேர்த்தது என்பது தீர்மானிக்கிறது. எனவே இரண்டு அடுக்குகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

வேகம் குறையும் விதம்

மெதுவான, சீரான ஓட்டம் வரிச்சீர் ஓட்டம் எனவும், சுழிப்புகள் நிறைந்த ஓட்டம் சுழற்சி ஓட்டம் எனவும் பள்ளிப் பாடங்களில் கூறப்படுகின்றன. எது நிகழும் என்பதை ரெனால்டு எண் காட்டுகிறது. வேகத்தையும் தாரையின் அகலத்தையும் பெருக்கி, பாய்மத்தின் இயக்கப் பாகுநிலையால் வகுத்தால் இந்த எண் கிடைக்கும். வினாடிக்கு 3 மீட்டர் வேகமும் 1.2 மீட்டர் விட்டமும் உள்ள மின்விசிறிக் காற்றுக்கு இது 2 இலட்சத்தைத் தாண்டும். ஆகவே வீட்டில் நாம் உணரும் விசிறிக் காற்று சுழற்சி ஓட்டமே.

சுழற்சித் தளச் சுவர்த்தாரையில் உச்ச வேகம், தூரத்தின் இருபடி மூலத்துக்கு ஏறத்தாழ எதிர்விகிதத்தில் குறைகிறது. அதாவது தூரம் 4 மடங்கானால் வேகம் பாதியாகும். ஆரச் சுவர்த்தாரையில் வீழ்ச்சி இன்னும் விரைவானது. தூரம் இரு மடங்கானால் வேகம் பாதிக்கும் சற்றுக் கீழே சென்றுவிடும். ஒரே அளவு ஓட்டம் பெருகிக்கொண்டே போகும் வட்டத்தில் பங்கிடப்படுவதே இதற்குக் காரணம்.

சுவர் இன்னொரு வேலையும் செய்கிறது. உச்ச வேகத்தில் பாதி வேகம் உள்ள இடம்வரை அளக்கும் தடிமன் 'அரைவேகத் தடிமன்' எனப்படும். சுவரில்லாத தளத் தாரையில் இது 1 மீட்டர் தூரத்துக்குச் சுமார் 11 செ.மீ. வளர்கிறது. தளச் சுவர்த்தாரையில் அது சுமார் 7 செ.மீ. மட்டுமே வளர்கிறது. சுவருக்குச் செங்குத்தான திசையில் சுழிப்புகள் அசைய இடமில்லாமல் அடக்கப்படுவதால், சுற்றுக் காற்றை இழுக்கும் ஆற்றல் குறைந்துபோகிறது. அதனால்தான் சுவரைத் தழுவிய தாரை வெட்டவெளித் தாரையைப்போல விரைவாகப் பருத்துச் சிதறுவதில்லை.

சமையலறையில் ஒரு சோதனை

ஆரச் சுவர்த்தாரையின் நெருங்கிய உறவினரை ஒரு தட்டிலேயே பார்க்கலாம். தட்டையான எவர்சில்வர் தட்டு ஒன்றைக் கவிழ்த்து ஒரு வாளியின் மேல் வைக்க வேண்டும். செம்பிலிருந்து மெல்லிய, சீரான நீர்க்கம்பியை அதன் நடுவில் ஊற்ற வேண்டும். வாளியில் சேரும் நீரைச் செடிக்குப் பயன்படுத்தலாம்.

நீர் விழும் இடத்தைச் சுற்றி, கண்ணாடிபோல் மெல்லிய வட்டம் ஒன்று தோன்றும். அதன் விளிம்பில் நீர் திடீரென்று உயர்ந்து ஒரு வளையமாக நிற்கும். வளையத்துக்குள் நீர் மெல்லியதாகவும் வேகமாகவும் ஓடுகிறது. வெளியே தடித்தும் மெதுவாகவும் ஓடுகிறது. இந்தத் திடீர் உயர்வுக்கு நீர்த்தாவல் என்று பெயர். உள்வட்டத்தில் ஒரு சிட்டிகை மஞ்சள் தூளைத் தூவினால் உடனே அடித்துச் செல்லப்படும். வெளியே தூவினால் மெல்ல நகரும். நீரை அதிகமாக ஊற்றினால் வட்டம் பெரிதாகும்.

இந்தச் சோதனையில் மேலுள்ள காற்றை நீர் அதிகம் இழுப்பதில்லை. எனவே மேலே கூறிய வெளியடுக்கு இங்கு இல்லை. ஆனால் பரப்பை ஒட்டிய மெல்லிய, வேகமான அடுக்கு எப்படி விரிகிறது, எப்படிக் களைத்துத் தடிக்கிறது என்பதை இது தெளிவாகக் காட்டும்.

ஆய்வு வரலாறு

சுழற்சித் தளச் சுவர்த்தாரையை முறையாக அளந்த தொடக்ககால ஆய்வு செருமனியின் ஃபோர்ட்மான் 1934-இல் வெளியிட்டதாகும். 1956-இல் பிரித்தானியக் கணித அறிஞர் எம். பி. கிளாவர்ட், 'சுவர்த்தாரை' என்ற பொருளுடைய தலைப்பிலேயே ஒரு கட்டுரை எழுதி, தளம், ஆரம் ஆகிய இருவகைக்கும் கோட்பாட்டுத் தீர்வுகளைத் தந்தார். 1981-இல் லாண்டர், ரோடி ஆகிய இருவரும் அதுவரை நடந்த அளவீடுகளைத் தொகுத்துச் சீர்தூக்கிப் பார்த்தனர். தாரை பருக்கும் வீதம் பற்றி மேலே தரப்பட்டுள்ள அளவு அவர்கள் பரிந்துரைத்ததை ஒட்டியது.

நீரியலில், கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பேராசிரியர் என். இராஜரத்தினத்தின் பங்கு பெரிது. மதகின் அடியிலிருந்து சீறிவரும் நீர் எதிர்கொள்ளும் நீர்த்தாவலை ஒரு சுவர்த்தாரையாகக் கருதி ஆராயலாம் என்று 1965-இல் அவர் காட்டினார். சுழற்சித் தாரைகளைப் பற்றி 1976-இல் வெளிவந்த அவருடைய நூல் பொறியாளர்களிடையே இன்றும் எடுத்தாளப்படுகிறது. அணைகளின் அடியில் நீரின் வேகத்தைத் தணித்து மண் அரிப்பைத் தடுக்கும் தளங்களை வடிவமைக்க இத்தகைய ஆய்வுகள் தேவைப்படுகின்றன.

சென்னையில், அடையாற்றுக்கும் கிண்டிக்கும் இடையே 1959-இல் மேற்கு செருமனியின் உதவியுடன் தொடங்கப்பட்ட இந்தியத் தொழில்நுட்பக் கழகம் வெப்பப் பரிமாற்ற ஆய்வுக்கு ஒரு முக்கிய மையமாக வளர்ந்தது. அதன் இயக்குநராக இருந்த ஆற்காடு இராமச்சந்திரன் வெப்பப் பரிமாற்றத் துறையில் தேர்ந்தவர். 1971-இல் நிறுவப்பட்ட இந்திய வெப்ப, நிறைப் பரிமாற்றச் சங்கத்தின் தலைமையிடமும் இந்தக் கழக வளாகத்திலேயே அமைந்தது.

வெப்பம் எப்படிக் கடக்கிறது?

ஓடும் பாய்மம் ஒன்று ஒரு பரப்புக்கு வெப்பம் தருவதும் அதிலிருந்து வெப்பம் பெறுவதும் வெப்பச் சலனம் ஆகும். நியூட்டனின் குளிர்வு விதிப்படி, இவ்வாறு கடக்கும் வெப்பம் மூன்றின் பெருக்கல் பலன்:

• வெப்பப் பரிமாற்றக் கெழு
• பரப்பளவு
• பரப்புக்கும் பாய்மத்துக்கும் இடையிலான வெப்பநிலை வேறுபாடு

இவற்றுள் முதலாவதைத்தான் தாரையின் வேகம் மாற்றுகிறது. பரப்பை ஒட்டி நிற்கும் அசையாத காற்றுத் தோல் ஒரு மெல்லிய போர்வைபோல் வெப்பத்தைத் தடுக்கிறது. வேகமான தாரை அந்தத் தோலை மெலிதாக்குகிறது. தோல் மெலிந்தால் கெழு உயரும். பரப்பில் உள்ள வெப்பச் சலனம், அதே பாய்மம் அசையாமல் இருந்தால் நடக்கும் கடத்தலைப்போல எத்தனை மடங்கு என்பதை நசெல்ட் எண் குறிக்கிறது.

குறுகிய குழலிலிருந்து வந்து மோதும் தாரையில், தேக்கப் புள்ளியை ஒட்டியே பரிமாற்றம் பொதுவாக மிக அதிகமாக இருக்கும். விலகிச் செல்லச் செல்லக் குறையும். குழலுக்கும் பரப்புக்கும் உள்ள இடைவெளி குழல் விட்டத்தைப்போலச் சுமார் 6 மடங்காக இருக்கும்போது தேக்கப் புள்ளியில் உச்சப் பரிமாற்றம் கிடைப்பதாக அளவீடுகள் காட்டுகின்றன. மின்னணுக் கருவிகளைக் குளிர்விப்பதிலும், சூடான கண்ணாடித் தகடுகளை விரைந்து ஆற்றி உறுதிப்படுத்துவதிலும் இது பயன்படுகிறது.

ஆனால் மூன்றாவது காரணியான வெப்பநிலை வேறுபாட்டை வேகம் மாற்றாது. வெப்பம் எப்போதும் சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கே செல்லும். தாரை செய்வது அந்தப் பயணத்தை விரைவாக்குவது மட்டுமே. பயணத்தின் திசையைத் தீர்மானிப்பது வெப்பநிலை.

அடுப்பும் பாத்திரமும்

எரிவாயு அடுப்பில் சுடரின் சூடான வாயு மேலெழுந்து பாத்திரத்தின் அடியில் மோதி, விளிம்பை நோக்கி ஆரச் சுவர்த்தாரையாக விரிகிறது. அந்தச் சில செ.மீ. பயணத்தில் எவ்வளவு வெப்பத்தைப் பாத்திரத்துக்குக் கொடுக்கிறதோ அவ்வளவே சமையலுக்கு லாபம். விளிம்பைத் தாண்டி மேலே போகும் சூடு சமையலறையைத்தான் சூடாக்கும்.

வீட்டு எரிவாயு அடுப்பின் வெப்பத் திறன் குறைந்தது 68 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணய விதி. அப்படியென்றால் விதிக்கு உட்பட்ட அடுப்பிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வெப்பம் வரை வீணாகலாம். சுடர் பாத்திரத்தின் அடிவட்டத்துக்கு வெளியே நீண்டால் இழப்பு மேலும் கூடும். சிறிய காபிப் பாத்திரத்தைப் பெரிய பர்னரில் வைப்பது வீண் என்று வீடுகளில் சொல்வது இதனால்தான். அகன்ற தோசைக்கல்லில் நடுப்பகுதி அதிகம் காய்ந்து ஓரம் சற்று ஆறியிருப்பதற்கும், நடுவிலிருந்து விலக விலகப் பரிமாற்றம் குறைவது ஒரு காரணம்.

மின்விசிறி அறைக்குள் செய்வது

வீடுகளில் பரவலாக உள்ள கூரை மின்விசிறியின் வீச்சு 1200 மி.மீ. நிமிடத்துக்கு 210 கன மீட்டர் காற்று தரும் விசிறி ஒன்றை எடுத்துக்கொண்டால், வினாடிக்கு 3.5 கன மீட்டர் ஆகிறது. இலைகள் சுற்றும் வட்டத்தின் பரப்பு சுமார் 1.13 சதுர மீட்டர். எனவே கீழிறங்கும் காற்றின் சராசரி வேகம் வினாடிக்குச் சுமார் 3 மீட்டர்.

இந்தக் காற்று தரையில் மோதி 30 செ.மீ. தடிமனுள்ள அடுக்காக விரிவதாகக் கொள்வோம். ஓட்டம் மாறாது என்ற எளிய கணக்கின்படி, நடுவிலிருந்து 1 மீட்டர் தூரத்தில் சராசரி வேகம் சுமார் 1.9 மீட்டர்; 1.5 மீட்டர் தூரத்தில் 1.2 மீட்டர், 3 மீட்டர் தூரத்தில் 0.6 மீட்டர். அடுக்கு பருப்பதையும் உராய்வையும் இக்கணக்கு சேர்க்கவில்லை. இது தோராயமானதே. இருந்தாலும் கூடத்தின் மூலையில் ஏன் காற்று வருவதில்லை என்பதை விளக்க இது போதும்.

விசிறியின் நேர்கீழே, அதன் நடுக் குடுவைக்கு அடியில் காற்று குறைவாகவே இருக்கும். இலைகளின் கீழும், அதைச் சுற்றியுள்ள தரைப் பகுதியிலும்தான் வேகம் அதிகம். தரையை ஒட்டிய தாரையில் உச்ச வேகம் அரைவேகத் தடிமனில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு உயரத்தில் அமையும். தடிமன் 30 செ.மீ. என்றால், அது தரையிலிருந்து சுமார் 5 செ.மீ. பாய் விரித்துத் தரையில் படுப்பவர் ஓட்டத்தின் மிக வேகமான அடுக்கிலேயே படுத்திருக்கிறார். அத்துடன் தரையின் குளிர்ச்சியும் கடத்தல் மூலம் உடலுக்குக் கிடைக்கிறது.

தரையில் விரிந்த காற்று சுவரில் மோதி மேலேறி, கூரையை ஒட்டி நடுவுக்குத் திரும்பி, மீண்டும் விசிறிக்குள் செல்கிறது. விசிறியை மெதுவாக ஓடவிட்டு, தரையருகே ஓர் ஊதுபத்தியைப் பிடித்தால் புகை வெளிநோக்கிச் செல்வதைக் காணலாம். இந்தச் சுற்றில் முக்கியமான ஒரு செய்தி இருக்கிறது: விசிறி வெளியிலிருந்து புதிய காற்றைக் கொண்டுவருவதில்லை, இருக்கும் காற்றையே சுழற்றுகிறது. மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில், பகல் முழுவதும் வெயிலில் காய்ந்த கான்கிரீட் இரவிலும் சூட்டைத் தருகிறது. கூரையை ஒட்டித் திரும்பும் காற்று அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு கீழே வருகிறது. மயிலாப்பூர், தியாகராய நகர்ப் பகுதிகளின் அடுக்குமாடி வீடுகளில் மேல்தளத்தார் மட்டும் இரவில் அனல் காற்று என்று சொல்வதற்கு இது ஒரு காரணம். இரவில் வெளிக்காற்று ஆறியபின் எதிரெதிர் சன்னல்களைத் திறந்துவைத்தால் இந்தச் சூடு வெளியேற வழி கிடைக்கும். விசிறி இலைகளுக்கும் கூரைக்கும் இடையே ஏறத்தாழ 30 செ.மீ. இடைவெளியாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விசிறிக்குப் போதிய காற்று கிடைக்காது.

விசிறி காற்றின் வெப்பநிலையைக் குறைப்பதில்லை. அது எடுத்துக்கொள்ளும் மின்னாற்றல் முழுவதும் இறுதியில் அறைக்குள் வெப்பமாகவே முடிகிறது. பழைய வகை விசிறி சுமார் 75 வாட் எடுக்கும், புதிய பி.எல்.டி.சி. விசிறி சுமார் 30 வாட். ஆளில்லாத அறையில் விசிறியை ஓடவிடுவது அறையைக் குளிர்விக்காது என்பதை இதிலிருந்து அறியலாம்.

கோடையில் உடலும் காற்றும்

ஓய்வாக இருக்கும் மனித உடல் ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தை வெளியேற்றியாக வேண்டும். வெப்பமான சூழலில் தோலின் வெப்பநிலை சுமார் 35° செல்சியசு. மேலே சொன்ன குளிர்வு விதியை உடலுக்குப் பயன்படுத்திப் பார்க்கலாம்.

அசையாத காற்றில் உடலின் வெப்பப் பரிமாற்றக் கெழு ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு பாகைக்குச் சுமார் 3.5 வாட். வினாடிக்கு 1 மீட்டர் வேகக் காற்றில் அது சுமார் 8.3 வாட். உடற்பரப்பு 1.7 சதுர மீட்டர் என்றும், உடையின் தடையை விட்டுவிட்டும் கணக்கிட்டால்:

• காற்று 31° எனில், வேறுபாடு 4°. விசிறியின்றி உடல் 24 வாட் இழக்கும். விசிறியுடன் 56 வாட் இழக்கும். விசிறி நல்ல துணை.

• காற்று 35° எனில், வேறுபாடு இல்லை. வெப்பச் சலனத்தால் இழப்பும் இல்லை, வரவும் இல்லை.

• காற்று 39° எனில், வேறுபாடு மீண்டும் 4°. ஆனால் திசை மாறிவிட்டது. விசிறியின்றி 24 வாட் உள்ளே வரும். விசிறியுடன் 56 வாட் உள்ளே வரும்.

கடைசி வரியில் விசிறி உடலைச் சூடாக்குகிறது. அப்படியிருந்தும் 39 பாகையில் பலருக்கு விசிறி சுகமாக இருப்பது வியர்வையால். 1 கிராம் வியர்வை ஆவியாகச் சுமார் 2400 ஜூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கிறது. விசிறி கொண்டுவரும் 56 வாட்டை ஈடுசெய்ய மணிக்குச் சுமார் 84 கிராம் வியர்வை ஆவியானால் போதும். பரப்பை ஒட்டிய காற்றுத் தோலைத் தாரை மெலிதாக்குவதால், நீராவி வெளியேறுவதும் விரைவாகிறது. எனவே வியர்க்கும் உடலுக்கு விசிறியின் இலாபம் நட்டத்தைவிடப் பெரிது.

வியர்வை போதிய அளவு வராதபோது இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடுகிறது. முதியவர்களுக்கு வியர்க்கும் திறன் குறைகிறது. தாக உணர்வும் மங்குகிறது. நீர் குறைவாகக் குடித்தவர்கள், சிலவகை மருந்துகள் உண்பவர்கள் நிலையும் இதுவே. அவர்களுக்குக் கடும் வெயில் நாளில் மூடிய அறையில் ஓடும் விசிறி, வெப்பத்தை உள்ளே செலுத்தும் கருவியாக மாறக்கூடும். காற்று 40 பாகையைத் தாண்டினால் விசிறி உடலைச் சூடாக்கும் என்றும், அதற்குக் கீழேயே விசிறியைப் பயன்படுத்த வேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது.

சென்னைக்கு இது தொலைவான செய்தி அன்று. அக்கினி நட்சத்திர நாட்களில் கடற்காற்று வரத் தாமதமானால், மேற்கிலிருந்து வரும் வறண்ட நிலக்காற்று வெப்பநிலையை 40 பாகைக்கு மேல் கொண்டுபோகிறது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45° பதிவானது. அத்தகைய நாளில் செய்யத்தக்கவை எளியவை. வியர்வைக்குப் பதிலாக வெளியிலிருந்து நீர் தரலாம். ஈரத்துணியால் கை, கால், கழுத்து, முகம் ஆகியவற்றை அவ்வப்போது துடைக்கலாம். அடிக்கடி நீர் பருகச் செய்யலாம். வெயில் நேரத்தில் சன்னல் திரைகளை மூடிவைத்து, வீட்டின் கீழ்த்தளத்திலோ குளிர்ந்த அறையிலோ முதியவரை இருக்கச் செய்யலாம். குழப்பமான பேச்சு, மயக்கம், தோல் மிகவும் சூடாக இருத்தல் ஆகியவை வெப்பத் தாக்கத்தின் அறிகுறிகள். அவற்றைக் கண்டால் விசிறியை நம்பிக் காத்திராமல் 108-ஐ அழைக்க வேண்டும்.

குளிரூட்டியும் கூரையும்

ஒரு பரப்பின் அருகே பாயும் தாரை அந்தப் பரப்பை நோக்கி வளைந்து ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது. தாரை இரு பக்கமும் காற்றை இழுக்க முயல்கிறது. பரப்பு இருக்கும் பக்கத்தில் இழுக்கப் போதிய காற்று இல்லாததால் அங்கே அழுத்தம் குறைகிறது. மறுபக்க அழுத்தம் தாரையைப் பரப்போடு சேர்த்து அழுத்துகிறது. உருமேனியப் பொறியாளர் என்றி கோவாண்டாவின் பெயரால் இது கோவாண்டா விளைவு எனப்படுகிறது. உருண்டையான புட்டி ஒன்றின் பின்னால் எரியும் மெழுகுவர்த்தியை வைத்து, முன்பக்கத்திலிருந்து ஊதினால் சுடர் அணைந்துவிடும். காற்று புட்டியை வளைத்துச் சென்று மறுபுறம் சேர்கிறது. மாணவர்கள் இதைப் பெரியவர்கள் உடனிருக்கச் செய்து பார்க்கலாம்.

சுவரில் மாட்டிய குளிரூட்டியின் இலைத்தடுப்பைக் கிடைமட்டமாக வைத்தால், குளிர்ந்த காற்று கூரையைத் தழுவி அறையின் மறுபக்கம்வரை சென்று, பிறகு மெல்ல இறங்கிப் பரவும். கீழ்நோக்கி வைத்தால் கனமான குளிர்காற்று அருகிலேயே விழுந்து, ஓர் இடம் நடுங்கும். மற்றோர் இடம் வேகும். கூரையிலிருந்து தொங்கும் உத்தரமோ, எதிரே நிற்கும் உயரமான அலமாரியோ இந்தத் தாரையை உடைத்துவிடும். விசிறியின் வேகத்தை மிகக் குறைத்தாலும் தாரை கூரையை விட்டுப் பிரிந்து விழும். எனவே குளிர்ச்சி போதவில்லை எனும்போது, வெப்பநிலையை மேலும் குறைக்கும் முன் தாரை போகும் வழியைப் பார்ப்பது மின்கட்டணத்தைக் குறைக்கும்.

காவலாக நிற்கும் தாரை

சுவர்த்தாரை பரப்பைக் காக்கவும் பயன்படுகிறது. மீனம்பாக்கத்தில் ஏறி இறங்கும் விமானங்களின் எஞ்சின்களில், எரிந்த வாயுவின் வெப்பநிலை சுழலி அலகுகளின் உலோகம் உருகும் வெப்பநிலையைவிட அதிகம். அலகுகளின் மேற்பரப்பில் நுண்ணிய துளைகள் வழியே ஒப்பீட்டளவில் குளிர்ந்த காற்றைச் செலுத்துகிறார்கள். அது பரப்பை ஒட்டி ஒரு மெல்லிய படலமாகப் பரவி, சூடான வாயுவை விலக்கி நிறுத்துகிறது. இதற்குப் படலக் குளிர்விப்பு என்று பெயர்.

இங்கே பொறியாளரின் நோக்கம் அடுப்பின் நோக்கத்துக்கு நேர் எதிரானது. வெளியடுக்கு சுற்றியுள்ள சூடான வாயுவை எவ்வளவு குறைவாக இழுத்துக் கலக்கிறதோ, அவ்வளவு தூரம் காவல் நீடிக்கும். காற்றை மிக வேகமாகச் செலுத்தினால் அது பரப்பை விட்டெழுந்து சூடான ஓட்டத்துக்குள் கலந்துவிடும், காவல் போய்விடும். இங்கு வேகம் அளவோடு இருப்பதே பயன்.

தியாகராய நகரின் குளிரூட்டிய துணிக்கடைகளின் வாசலில் மேலிருந்து கீழே வீசும் காற்றுத்திரையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. கதவு திறந்திருக்கும்போதே வெளிக்காற்றையும் தூசியையும் பெருமளவு தடுக்கிறது. தாரை தரையைச் சேர்ந்ததும் இரண்டாகப் பிரிந்து, உள்ளேயும் வெளியேயும் சுவர்த்தாரையாக ஓடுகிறது. தாரை தரைவரை எட்டாவிட்டால் கீழ் இடைவெளி வழியாகக் குளிர்காற்று தெருவுக்குப் போய்விடும்.

சுருக்கம்

சுவர்த்தாரை பரப்பின் மீதுள்ள அசையாத பாய்மத் தோலை மெலிதாக்கி, வெப்பம் கடப்பதை விரைவாக்குகிறது. அந்த வெப்பம் உள்ளே வருமா, வெளியே போகுமா என்பது தாரை எந்த வெப்பநிலையில் பரப்பை அடைகிறது என்பதைப் பொறுத்தது. பரப்பு ஈரமாக இருந்தால் ஆவியாதலும் கணக்கில் சேரும். 31 பாகையில் துணையாக இருக்கும் அதே விசிறி, 41 பாகையில் வியர்க்காத முதியவர் ஒருவருக்குத் தீங்காக முடியலாம்.